ஒரே பெயரில் இரண்டு பில்

தம்பு ஐஸ் லொறி ஓட்டுகிறவர். விடிவதற்கு முன் ஐஸ் ஆலையில் கட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் போய் மீன் வாங்கி விற்கும் கொட்டில்களான வாடிகளுக்கு இறக்கிவிட்டு வெயில் ஏறுவதற்குள் அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கடல் இரைச்சலுக்கும் லொறி இரைச்சலுக்கும் மேலால் கதைத்துக் கதைத்து அவருடைய குரல் பெரிதாகிவிட்டது. வீட்டுக்குள் உப்புக் கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும். கொடுக்கல் வாங்கலில் நேரான மனிதன் என்று வாடிக்காரரிடம் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மற்றவர்களைவிட அவர்தான் கூடுதலாக நம்பினார்.

அவருடைய வீடு அப்பாவின் வளவில் பின்பக்கம் இருக்கிறது. முன்பக்க வீடு அக்கா தங்கேஸ்வரிக்குச் சீதனமாகப் போனது. றோட்டோரத்துத் துண்டும் அக்காவின் பெயருக்கே எழுதப்பட்டதை அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகுதான் தம்பு அறிந்தார். அன்று முதல் அக்காவோடு கதை பேச்சு இல்லை. இடையில் மதில் எழும்பியது. அக்காவின் மகளுடைய கலியாணக் கார்ட்டைக் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பினார். போன வருடம் அத்தான் செத்தபோது மட்டும் போய், வாசலில் ஆம்பிளைகளோடு ஆம்பிளையாக நின்றுவிட்டு, அக்காவின் முகத்தைப் பாராமல் வந்தார்.

இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீற்றர். ஆனால் இரண்டும் இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரிலேயே இருந்தன. மாற்றுவதென்றால் இருவரும் சேர்ந்து கரண்ட் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அதனால் யாரும் மாற்றவில்லை.

மாரி முடிகிற நேரம் அது. கடலுக்குப் போக ஏலாமல் படகுகள் கரையில் கிடந்ததில் ஐஸ் வியாபாரமும் படுத்துவிட்டது. தம்புவுக்குக் கரண்ட் பில் நிலுவை விழுந்தது. லொறியின் வருட வரி அனுமதிப்பத்திரமும் முடியப்போனது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், காப்புறுதிக் கடதாசி, புகைச் சான்றிதழ், வாகனப் பதிவுப் புத்தகத்தின் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். கேற்றுக் கம்பியில் பில்லைச் சுருட்டிச் செருகியிருந்தது. உருவி எடுத்தார். மேலே அப்பாவின் பெயர். நிலுவையோடு சேர்த்துத் தொகையும் ஏறக்குறைய அவர் நினைத்த அளவில்தான் இருந்தது. மடித்துப் பையில் போட்டார்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ரிஷாத்தின் கடை. போட்டோக் கொப்பி, போன் றீலோட், கரண்ட் பில், தண்ணி பில், வாகன வரி எல்லாம் அங்கே செய்யலாம். கவுண்டரில் இருந்தவள் றுஷ்தா. முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற, இருபது கடந்த பிள்ளை. லொறி வேலையை முதலில் முடித்து அனுமதிப்பத்திரத்தை அச்சடித்துக் கொடுத்தாள். பிறகு கரண்ட் காசைக் கட்டி ஒரு சின்ன ரசீதை நீட்டினாள்.

“இதைக் கவனமா வைங்க ஐயா.”

“ஓம் பிள்ளை” என்று அதைச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்தார். சேர்ட் அன்றைக்கே தோய்க்கப் போனது.

சில கிழமை கழித்து, குச்சவெளியில் ஐஸ் இறக்கிக்கொண்டு நிற்கையில் மனைவி சுதர்ஷினி அழைத்தாள். கரண்ட் வெட்டிவிட்டார்கள். நிலுவை கட்டவில்லை என்று கடதாசியும் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்கம்பக்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றதாம். முன்வீட்டு அக்காவும் பார்த்திருப்பா என்று அவள் சொன்னதுதான் தம்புவுக்குப் பொறுக்கவில்லை. மிச்ச ஐஸை இறக்காமலே லொறியைத் திருப்பினார்.

கடைக்குள் சனம் நிறைந்திருந்தது. ஈரச் சாரத்தோடு எல்லாரையும் விலத்திக்கொண்டு போய்க் கவுண்டரில் அந்தக் கடதாசியை அடித்தார்.

“கட்டச் சொல்லித் தந்த காசு எங்க?”

றுஷ்தா கடதாசியைப் பார்த்தாள். “கட்டினது ஐயா. ரசீதும் தந்தனான்.”

“கட்டினா ஏன் வெட்டுறாங்கள்?”

உள்ளேயிருந்து ரிஷாத் எழும்பி வந்தான். கடதாசியில் இருந்த கணக்கு இலக்கத்தைக் கம்பியூட்டரில் அடித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கரண்ட் கந்தோருக்கு அழைத்து அதே இலக்கத்தைச் சொன்னான். அங்கேயும் அப்படியொரு காசு வரவில்லை என்றார்கள்.

“நானா, அன்டைக்குக் கட்டின எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க” என்று ரிஷாத்திடம் சொன்னாள் றுஷ்தா. “இவரிட லொறிக்கும் அந்த நேரம்தான் கட்டினது. அது சரியாப் போயிருக்கு. கரண்ட் காசு மட்டும் எப்பிடிப் போகாம இருக்கும்?”

“லொறிக் காசை எடுத்தா பொலிஸ் மறிக்கும், உடன பிடிபடுவாய் எண்டு உனக்குத் தெரியும்!” தம்புவின் குரல் றோட்டுக்குக் கேட்டது. “நான் இந்த ஊரில ஒருத்தற்ற காசையும் வச்சிருந்ததில்லை. என்ர வீட்டை இருட்டாக்கிப்போட்டு எனக்கே கணக்குச் சொல்லுறியோ? உங்கட ஆக்களை நம்பிக் காசு தந்தது என்ர பிழை!”

கடை அமைதியானது. வரிசையில் நின்ற இரண்டு கிண்ணியாப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரிஷாத்துக்கு அந்தச் சத்தம் எப்படியாவது நின்றால் போதும் என்றிருந்தது. மேசை லாச்சியைத் திறந்து அந்தத் தொகையை எடுத்துத் தம்புவின் கையில் வைத்தான்.

“இந்தாங்க அண்ணன். இவட சம்பளத்தில நான் பாத்துக்கொள்ளுறன். சத்தம் போடாதீங்க.”

தம்பு காசை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கணம் நெஞ்சுக்குள் ஒரு திருப்தி இருந்தது. பின்னாளில் அவரை அதிகம் உறுத்தியது அந்தத் திருப்திதான்.

காசைக் கந்தோரில் கட்டி, தண்டமும் கட்டி, கரண்ட் திரும்ப வந்தது. “அந்தப் பிள்ளை அப்பிடிச் செய்யிற முகமில்லையே” என்று சுதர்ஷினி ஒருதரம் சொன்னாள். “முகத்தில எழுதி ஒட்டியிருக்கோ?” என்று அவள் வாயை அடைத்தார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கேற்றை யாரோ தட்டினார்கள். திறந்தால் தங்கேஸ்வரி. கையில் மூடின சட்டி. தலை நன்றாக நரைத்திருந்தது. இத்தனை கிட்டத்தில் அக்காவைப் பார்த்து எவ்வளவு காலம் என்று அவருக்கே நினைவில்லை.

“கணவாய்க் கறி. உனக்கு விருப்பமெண்டு வச்சனான்.”

சுதர்ஷினி ஓடிவந்து கதிரை போட்டாள். அக்கா இருக்கவில்லை.

“தம்பு, நீ செய்ததை நான் மறக்கமாட்டன். மீற்றர் பாக்கிறவர் ரெண்டு பில்லையும் உன்ர கேற்றில செருகிப்போட்டுப் போனதைக் கண்டனான். ரெண்டிலயும் அப்பான்ர பேர்தானே. வந்து கேக்க எனக்கு வாய் வரேல்லை. உன்ர அத்தான் போனாப்பிறகு நிலுவை ஏறிப்போச்சு. கரண்டை வெட்டினா மெசினும் நிண்டிடும், சட்டை தைச்சுத்தான் சீவிக்கிறன். பயந்து பயந்து கந்தோருக்குப் போனா, முழுக்கக் கட்டியாச்சு எண்டினம். ரவுணில ஒரு கடையில கட்டுப்பட்டிருக்காம்.” கண்ணைத் துடைத்தாள். “உன்ர வீட்டில வெட்டினவங்கள். உன்னட்டை இல்லாமலும் எனக்குக் கட்டியிருக்கிறாய்.”

தம்புவுக்கு முதலில் எதுவும் பிடிபடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் பிடிபட்டது. கேற்றில் செருகியிருந்தது ஒன்றல்ல, இரண்டு. அவர் உருவியது அக்காவுடையதை. மற்றது காற்றில் எங்கே போனதோ. றுஷ்தா கட்டினாள். சரியாகவே கட்டினாள். அவர் கொடுத்த பில்லுக்குக் கட்டினாள்.

“என்னடா பேசாம நிக்கிறாய்?”

“ஒண்டுமில்லை அக்கா” என்றார். அந்தச் சொல்லோடு பொய் தொடங்கியது.

அன்றிரவு கணவாய்க் கறி இறங்கவில்லை. சுதர்ஷினியிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தார். அவளோ, “இப்பிடி ஒரு மனசை எனக்குக்கூடக் காட்டேல்லையே நீங்கள்” என்று கண்கலங்கிக்கொண்டு நின்றாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் மதிலுக்கு மேலால் கதை தொடங்கிவிட்டது. தேங்காய் போனது, முருங்கைக்காய் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற அக்காவின் மகள் போனில் வந்து, “மாமா, அம்மா இப்ப சிரிக்கிறா” என்றாள். கலியாணக் கார்ட்டைத் திருப்பி அனுப்பின மாமன்! தம்புவுக்கு அந்த அன்பு வேண்டும்போலவும் இருந்தது, அதைத் தொடவே கூசவும் செய்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன பெரிய நட்டம், கொஞ்சக் காசுதானே, எப்படியாவது ரிஷாத்திடம் கொடுத்துவிட்டால் சரி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். லொறிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அனுமதிப்பத்திரம் ஓடுகிற நேரமெல்லாம் கண்ணில் பட்டது. அதுவும் அவள் கையால் எடுத்துத் தந்தது.

ஒருநாள் துணிந்து கடைக்குப் போனார். கவுண்டரில் வேறு பிள்ளை.

“றுஷ்தாவை நிப்பாட்டிட்டன் அண்ணன்” என்றான் ரிஷாத். “நீங்க கத்தினாப்பிறகு சனம் ரசீதைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொண்டாக் கேக்கத் தொடங்கிட்டாங்க. வேற வழி இல்லை.”

தம்பு காசை எடுத்து வைத்தார். “இது அந்தப் பிள்ளையின்ர. ரசீது கிடைச்சிட்டுது.”

இதிலும் பாதிதான் உண்மை. ரசீது கிடைக்கவில்லை. ரிஷாத் புருவத்தைச் சுருக்கினான். “ரசீது கிடைச்சா காசு எங்க போனது?” கேட்டுக்கொண்டே அந்தத் திகதியில் கட்டினதெல்லாவற்றையும் திரையில் இறக்கினான். அன்றைக்கு றுஷ்தா செய்யச் சொன்ன அதே வேலை. லொறிக்குக் கட்டியதற்கு அடுத்த வரியிலேயே இருந்தது, தம்புவின் அப்பாவின் பெயரோடு.

“இது ஆர்ர இலக்கம்?”

“என்ர அக்காட. நான்தான் பில்லை மாறித் தந்திட்டன்.”

ரிஷாத் அந்த வரியில் விரலை வைத்தான். “ரெண்டு நிமிச வேலை அண்ணன். நான் பாக்கேல்லை. உங்கட சத்தத்துக்குப் பயந்து பாக்கேல்லை.” காசைத் தம்புவின் பக்கம் தள்ளினான். “இதை நான் வாங்க ஏலாது. நீங்க கொண்டுபோய்க் குடுங்க. வேலைக்குத் திரும்பி வரச் சொன்னதாகவும் சொல்லுங்க.”

மறுநாள் குச்சவெளிப் பக்கம் ஐஸ் இறக்கி முடித்ததும் லொறியைக் கிண்ணியாவுக்கு விட்டார். பாலம் கடந்து, ஒரு கடையில் வழி கேட்டுப் போனார். தகரம் போட்ட சின்ன வீடு. றுஷ்தாவின் தாய் மைமூனா வாசலுக்கு வந்தாள். தம்பு தன்னை யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறியது. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

றுஷ்தா வந்து கதவு நிலையில் நின்றாள். தம்பு நடந்ததெல்லாம் சொன்னார். அக்கா வந்ததையும் தான் வாய்மூடி இருந்ததையும்கூட ஒளிக்கவில்லை. கடைசியில் காசை நீட்டினார். அவள் வாங்கித் தாயிடம் கொடுத்தாள்.

“ரிஷாத் திரும்பி வேலைக்கு வரட்டாம், பிள்ளை.”

“போகமாட்டன்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளு.”

“உங்களுக்கு உம்மாட சீட்டைப் பத்தித் தெரியுமா?” என்று கேட்டாள். “இந்தத் தெருவில பெண்டுகள் மாசா மாசம் சீட்டுக்காசு கொண்டுவந்து உம்மாட கையிலதான் குடுப்பாங்க. வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளையில இருந்து அதுதான் எங்கட மரியாதை. அன்டைக்குக் கடையில நிண்ட ரெண்டு பேரும் இந்தத் தெருதான். அவங்க வந்து கதையைச் சொன்னாங்க. இப்ப சீட்டில பாதிப்பேர் இல்லை. முகத்துக்கு நேர ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. காசைத் திருப்பித் தாங்க எண்டு மட்டும் கேட்டாங்க.”

மைமூனா சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

“நான் என்ன செய்யவேணும், சொல்லு” என்றார் தம்பு.

“நீங்க எனக்கு இஞ்ச வந்து சொல்லுறீங்க. இஞ்ச ஆர் இருக்கா? மாசக் கடைசியில கடையில சனம் நிறைய நிக்கும். அங்க வந்து சொல்லுங்க. நானும் அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவன்.” தாயை ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். “எங்கட ஆக்களைப் பத்திச் சொன்னீங்களே, அதையும் சேத்துச் சொல்லுங்க.”

“சொல்லுறன்.”

வீடு திரும்பும்போது அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கடையில் சொல்வதற்கு முன் அக்காவிடம் சொல்ல வேண்டும். ஊர் வாயால் அவள் கேட்கக் கூடாது.

தங்கேஸ்வரி விறாந்தையில் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பு கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். மெசின் சத்தம் நின்றது.

“அப்ப நீ எனக்குக் கட்டேல்லை.”

“கட்டினது நான்தான். உனக்கெண்டு கட்டேல்லை.”

“நான் சட்டியோட வந்து நிண்டன். ஏன் அப்பவே சொல்லேல்லை?”

“நீ வந்திட்டாய். சொன்னாப் போயிடுவாய் எண்டு பயந்தனான்.”

அக்கா தைத்த துணியை மெசினிலிருந்து உருவினாள். “என்னட்டைப் பொய் சொன்னதுகூடப் பரவாயில்லையடா. அந்தக் குமர்ப்பிள்ளை அங்க கள்ளிப் பட்டத்தோட இருக்க, இஞ்ச நீ முருங்கைக்காய் வாங்கித் திண்டிருக்கிறாய்.” எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மறுநாள் பில்லின் தொகையில் ஒரு பகுதியை என்வலப்பில் போட்டுச் சுதர்ஷினியிடம் கொடுத்துவிட்டாள். மிச்சத்தை மாசா மாசம் தருவாளாம். மதிலுக்கு மேலால் கதை நின்றது.

சுதர்ஷினி அவரைப் பேசவில்லை. “போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

மாசக் கடைசியில் கடை அன்றைக்குப் போலவே நிறைந்திருந்தது. றுஷ்தா கதவோரம் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பெண்கள். ஒருத்தியை அவர் முகம் பார்த்து அடையாளம் கண்டார். அவள் பெயர் சித்தி பரீதா என்று பிறகுதான் தெரியவந்தது. தம்பு கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

“போன முறை நான் இஞ்ச வந்து…”

யாரோ றீலோட் கேட்டார்கள். யாரோ கொப்பிக் கடதாசியை நீட்டினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

“கேக்கேல்லை ஐயா” என்றாள் றுஷ்தா. “அன்டைக்குக் கதைச்ச மாதிரிக் கதைங்க.”

தம்பு மூச்சை இழுத்தார். பிறகு அந்தக் குரல் வந்தது, றோட்டுக்குக் கேட்கிற குரல்.

“இந்தப் பிள்ளை காசு எடுக்கேல்லை! நான் என்ர அக்காட பில்லை மாறிக் குடுத்தனான். அவ அதைச் சரியாக் கட்டித் தந்தவ. எடுத்துப் பாருங்கோ எண்டு அவ சொல்ல, நான் விடேல்லை. கத்தி, கள்ளியாக்கி, வேலையில இருந்து எழுப்பினது நான். உங்கட ஆக்களை நம்பினது பிழை எண்டும் சொன்னனான். அது நான் வெக்கப்படவேண்டிய கதை. பிழை என்ர.”

வரிசை நின்றது. ரிஷாத் எழுந்து நின்று, “நானும் பாக்காம விட்டன்” என்றான். பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர், இதை ஏன் இப்படிக் கத்திச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். ஒரு பெண் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை திரும்ப அசைந்தது.

ரிஷாத் வேலைக்கு வரச் சொல்லி நேரில் கேட்டான். “ஒரு தரம் என்ட சொல்லைக் கேட்டுப் பாத்திருக்கலாம் நானா” என்றாள் றுஷ்தா. தம்புவிடம், “சரி ஐயா” என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் கிண்ணியா பஸ்ஸுக்கு நடந்தாள். சித்தி பரீதா அவள் தோளில் கை போட்டபடி கூடப் போனாள். மற்றவள் பின்னால், கொஞ்சம் தள்ளி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது தங்கேஸ்வரி தன் வாசலில் நின்றாள்.

“சொன்னனியோ?”

“சொன்னனான்.”

“அந்த ஆக்கள் கதையையும்?”

“ஓம்.”

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பல நாள் கழித்துத்தான் மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள், அதுவும் வேலை விஷயமாக. “இனி ரெண்டு பில்லும் அப்பான்ர பேரில இருக்கக்கூடாது. எப்ப போவம்?”

ஒரு புதன்கிழமை இருவரும் லொறியின் முன் இருக்கையில் இருந்து கந்தோருக்குப் போனார்கள். அப்பாவின் மரண அத்தாட்சிப்பத்திரம், காணி உறுதிகள், அடையாள அட்டைகள். அக்கா ஒரு பக்கம் கையெழுத்து வைத்தாள், தம்பி மறுபக்கம் வைத்தார். திரும்பி வரும்போது அவள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பிள்ளை இப்ப என்ன செய்யுது?”

கிண்ணியாவில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாளாம், ரிஷாத் கொடுத்ததைவிடச் சம்பளம் குறைவாம் என்றார் தம்பு. சித்தி பரீதா சீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாளாம். மற்றப் பெண் வரவில்லையாம்.

“சீட்டை விட்டுப்போன மற்ற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?” என்றாள் தங்கேஸ்வரி.

தம்பு லொறியை ஓட்டினார். மீன் வாடிக்காரர்கள் இப்போதும் அவரை நேரான மனிதன் என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் எதையாவது இறக்குவதுபோல லொறிக்குப் பின்பக்கம் போய்விடுகிறார்.